'டூ தி நீட்ஃபுல்' – என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சகோதரிகளே, உங்கள் வீட்டு பீரோவில் பழைய காகிதக் கட்டு இருந்தால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஸ்கூலுக்கு எழுதிய கடிதம், ரேஷன் கார்டுக்குக் கொடுத்த மனு, கரண்ட் ஆபீஸுக்குப் போன புகார், பேங்குக்கு எழுதிய விண்ணப்பம், எதை எடுத்தாலும் கடைசி வரி ஒன்றாகத்தான் இருக்கும். ஆங்கிலக் கடிதமானால் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'. தமிழ்க் கடிதமானால் 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'.

இந்த வரியை எழுதி முடித்ததும் நமக்கு ஒரு நிம்மதி. 'அப்பாடா, கேட்க வேண்டியதைக் கேட்டாச்சு' என்று கவரை ஒட்டிவிடுகிறோம். ஆனால் எதைக் கேட்டோம்? 'செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம். செய்ய வேண்டியது எது என்பதைக் கடிதத்தைப் பிரிப்பவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கண்டுபிடிக்காவிட்டால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

எங்கள் திருவாலங்காட்டில் பல வீட்டு ஆண்களும் பெண்களும் விடியற்காலையிலேயே கம்பெனி வேனிலோ அரக்கோணம் லோக்கலிலோ கிளம்பிப் போய்விடுவார்கள். காக்களூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி என்று எங்கெங்கோ வேலை. ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி என்று அலைவதெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்கள் பாடு. நான் பத்தாவது வரைதான் படித்தவள். கையெழுத்து திருத்தமாக இருக்கிறது என்று தெருவில் நாலு பேர், "அக்கா, ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்று வருவார்கள். அப்படி எழுதி எழுதி எனக்குத் தெரிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

'நீட்ஃபுல்' என்றால் தேவையானது. வெள்ளைக்காரர் காலத்தில் வியாபாரக் கடிதங்களிலும் சர்க்கார் ஃபைல்களிலும் புழங்கிய பிரயோகம் இது. ஒரு குமாஸ்தா இன்னொரு குமாஸ்தாவுக்கு ஃபைலை அனுப்பும்போது, செய்ய வேண்டியது இன்னதென்று இருவருக்குமே தெரியும். அதனால் சுருக்கமாக 'வேண்டியதைச் செய்யவும்' என்று எழுதினால் போதுமாயிருந்தது. இங்கிலாந்தில் இந்த வழக்கம் பழசாகித் தேய்ந்துவிட்டது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளிலோ இன்னும் சௌக்கியமாக இருக்கிறது. இதற்குச் சரிசமமாகத் தமிழில் நாம் வைத்துக்கொண்டதுதான் 'ஆவன செய்க'. 'ஆவன' என்றால் ஆக வேண்டியவை. நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் மங்கல் என்னவோ அதே மங்கல்தான்.

இன்னொரு வேடிக்கை. 'தி நீட்ஃபுல்' என்பதற்கு ஆங்கிலத்தில் பேச்சு வழக்கில் 'பணம்' என்றும் ஓர் அர்த்தம் உண்டு! ஆபீஸில் யாரும் அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஓர் இனிஷியல் படுத்திய பாடு

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண். கம்பெனியில் வேலை பார்த்த கணவர் திடீரென்று காலமாகிவிட்டார். அவருக்கு வர வேண்டிய சேமிப்புத் தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தாள். சிக்கல் என்னவென்றால், அலுவலகப் பதிவில் அவள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் இனிஷியல் இருந்தது. ஆதாரிலும் பேங்க் புத்தகத்திலும் கணவர் பெயரின் இனிஷியல். நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது, சொல்லுங்கள்! கல்யாணத்துக்கு முன் ஓர் எழுத்து, பின் ஓர் எழுத்து. ஆள் ஒருத்திதான், காகிதத்தில் இரண்டு பேர்.

கம்ப்யூட்டர் கடையில் பணம் கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்து வாங்கிப் போனாள். ஒரு பக்கம் முழுக்க வணக்கம், வறுமை, இரண்டு பிள்ளைகள், 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ஒப்ளைஜ்'. இனிஷியல் சமாசாரம் ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு மாதம் கழித்து, 'விவரம் போதவில்லை' என்று திரும்பி வந்தது. "நான் எல்லாத்தையும்தானே எழுதச் சொன்னேன் அக்கா? இன்னும் என்ன விவரம் கேக்கறாங்க?" என்று கண் கலங்கினாள்.

அவளிடம் மூன்று கேள்வி கேட்டேன். "அவங்க எதைச் செய்யணும்? எதை வெச்சுச் செய்யணும்? செஞ்ச பிறகு உனக்கு எப்படித் தெரியணும்?" அவள் சொன்ன பதிலையே தமிழில் எழுதினோம்:

'பொருள்: பதிவில் என் இனிஷியலைத் திருத்துதல்.

ஐயா, தங்கள் அலுவலகப் பதிவில் என் பெயருக்கு முன் 'மு' என்று உள்ளது. அது என் தந்தை பெயரின் முதல் எழுத்து. ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் 'ர' என்று உள்ளது. அது என் கணவர் பெயரின் முதல் எழுத்து. இரண்டும் நானே. பதிவில் 'ர' என்று திருத்தி, நான் ஏற்கெனவே கொடுத்துள்ள விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். வேறு ஆவணம் தேவைப்பட்டால், எந்த ஆவணம் என்பதைக் கீழ்க்கண்ட முகவரிக்குத் தெரிவிக்கவும்.

இணைப்பு: 1. ஆதார் நகல். 2. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல். 3. கணவரின் இறப்புச் சான்றிதழ் நகல்.'

அவ்வளவுதான். அடுத்து வந்த பதிலில், இரண்டு பெயரும் ஒருவரே என்று இன்னும் ஒரு சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை வாங்கிக் கொடுத்தாள், காரியம் நகர்ந்தது. கெஞ்சல் குறைந்ததால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

செப்பேடு சொல்லும் பாடம்

'சர்க்கார் பாஷை என்றாலே சுற்றி வளைத்துத்தானே இருக்கும்' என்று சிலர் நினைக்கலாம். எங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1905-ம் ஆண்டு கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சரித்திரப் புகழ் பெற்றவை. மொத்தம் 31 செப்புத் தகடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன்னுடைய ஆறாவது ஆட்சியாண்டில் பழையனூரை எங்கள் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்ததைச் சொல்பவை. அந்தப் பழையனூர் இன்றும் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சோழர் காலத்துத் தானச் செப்பேடுகளில் புகழுரை நிறைய உண்டு. ஆனால் காரியத்துக்கு வரும்போது, எந்த ஊர், கிழக்கே எது எல்லை, தெற்கே எது எல்லை, எந்தெந்த வரி யாருக்கு என்று வரிசையாக வந்துவிடும். எல்லையைச் சந்தேகமில்லாமல் காட்ட, பெண் யானையை நடக்கவிட்டுச் சுற்றி வரும் வழக்கம்கூட உண்டு. ஆணையை எழுதியவர், கையெழுத்திட்ட அதிகாரிகள் பெயரும் இருக்கும். 'கோயிலுக்கு ஆவன செய்க' என்று ஒரே வரியில் ராஜா முடித்திருந்தால் எல்லைத் தகராறுக்கு முடிவே இருந்திருக்காது!

ராஜா காலம் இருக்கட்டும், இந்தக் காலத்துச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. நம் மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது. அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே தாராளமாக மனுக் கொடுக்கலாம். புரியாத ஆங்கிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தினால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அங்கேயும் என்ன தகவல் வேண்டும் என்று விவரமாகக் குறிப்பிட வேண்டும். 'என் மனு பற்றி ஆவன செய்யவும்' என்றால் அது தகவல் கேட்பதாகவே ஆகாது. 'இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது? அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன? அதற்கான குறிப்பின் நகல் வேண்டும்' என்று கேட்டால்தான் பதில் வரும்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்குத்தான் போகப் போகிறது. 'பொருள்' என்ற இடத்தில் வேண்டிய காரியம் ஒரே வரியில் இருந்தால் அது சரியான மேஜைக்குப் போய்ச் சேரும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

கம்பெனியில் மெயிலும் வாட்ஸ்அப்பும் ஆங்கிலத்தில்தான் ஓடுகின்றன. என் தங்கை மகன் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை செய்கிறான். சேர்ந்த புதிதில் ஒரு மெயிலின் முடிவில் 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' என்று போட்டிருக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து, 'நான் செய்ய வேண்டியது என்ன?' என்று பதில் வந்ததாம். "பெரியம்மா, நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தானே எழுதறாங்க? இது தப்பா?" என்று என்னைக் கேட்டான்.

தப்பு இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. பழகாத காதுக்கு அது கட்டளை மாதிரியோ பழங்காலத்துப் பேச்சு மாதிரியோ தொனிக்கிறது. அதோடு விஷயமும் தெரிவதில்லை. பரிகாரம் மிகச் சுலபம். 'டூ' என்ற பொதுவான சொல்லை எடுத்துவிட்டு, நடக்க வேண்டிய காரியத்துக்கான சொல்லைப் போட்டால் போதும்.

லீவு வேண்டுமா? 'ப்ளீஸ் கிராண்ட் மீ லீவ்' என்று எழுதித் தேதியைப் போடுங்கள்.
மெஷின் பழுதா? 'ப்ளீஸ் ரிப்பேர்' என்று எழுதி மெஷின் நம்பரைக் குறிப்பிடுங்கள்.
சம்பளத்தில் பிடித்தம் தவறா? 'ப்ளீஸ் செக்' என்று எழுதி எந்த மாதம், எவ்வளவு ரூபாய் என்று சொல்லுங்கள்.
சர்டிஃபிகேட் வேண்டுமா? 'ப்ளீஸ் இஷ்யூ' என்று எழுதி எந்த சர்டிஃபிகேட், எதற்காக என்று சேருங்கள்.
சரி, இல்லை என்ற பதில் மட்டும் வேண்டுமா? 'ப்ளீஸ் கன்ஃபர்ம்' போதும்.

'டூ தி நீட்ஃபுல்'லுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு; 'அட் தி எர்லியஸ்ட்'. கூடிய சீக்கிரம் என்று அர்த்தம். உங்கள் சீக்கிரம் நாளைக்கு, அவர் சீக்கிரம் அடுத்த மாதம்! அவசரமானால் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று கிழமையையும் தேதியையும் எழுதி, ஏன் அந்தத் தேதி என்று ஒரு காரணமும் சொல்லுங்கள். 'சனிக்கிழமை ஃபீஸ் கட்டக் கடைசி நாள்' என்றால் யாருக்கும் புரியும்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு

மனு தாமதமானால் பணம்தான் தாமதமாகும். ஆஸ்பத்திரியில் விவரம் தாமதமானால் உயிருக்கே ஆபத்து வரலாம். வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியவில்லை. நாம் கூடப் போக முடியாத நிலையில் யாரோ ஒருவரோடு அனுப்புகிறோம். கையில் ஒரு சீட்டு: 'சுகர் பேஷண்ட். டூ தி நீட்ஃபுல்.' டாக்டருக்கு வைத்தியம் தெரியும். உங்கள் மாமியார் காலையில் சாப்பிட்டாரா என்பது எப்படித் தெரியும்?

இப்படி எழுதிப் பாருங்கள்: 'வயது 68. பத்து வருடமாகச் சர்க்கரை. காலை 7 மணிக்கு இன்சுலின் போட்டது. எத்தனை யூனிட் என்பது இணைத்துள்ள சீட்டில் உள்ளது. அதன்பின் அரை இட்லிதான் சாப்பிட்டார். 10 மணியிலிருந்து வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் பையில் உள்ளன. என் போன் நம்பர் இது.'

இன்சுலின் போட்டுச் சரியாகச் சாப்பிடாதவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று டாக்டருக்கு உடனே சந்தேகம் வரும். அந்த நேரங்களைச் சொல்வதுதான் நாம் செய்யக்கூடிய உதவி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். 108-க்குப் போன் செய்யும்போதும், 'சீக்கிரம் வாங்க, ஏதாவது பண்ணுங்க' என்று பதறாமல், யாருக்கு, என்ன ஆயிற்று, நினைவு இருக்கிறதா, எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் இதே விதிதான். வீசிங் உள்ள குழந்தைக்கு, 'ஹெல்த் ப்ராப்ளம் இருக்கிறது, கவனித்துக்கொள்ளவும்' என்று டைரியில் எழுதினால் டீச்சர் எதைக் கவனிப்பார்? 'இன்ஹேலர் பையின் முன்பக்க ஜிப்பில் உள்ளது. மூச்சு வாங்கினால் டாக்டர் எழுதிய இந்தச் சீட்டின்படி கொடுக்கவும். குறையாவிட்டால் உடனே இந்த நம்பருக்கும் 108-க்கும் போன் செய்யவும்' என்றால் புதிதாக வந்த டீச்சர்கூடக் காப்பாற்றிவிடுவார்.

டாக்டர் சீட்டிலும் ஒரு 'நீட்ஃபுல்'

மருந்துச் சீட்டில் சில மாத்திரைகளுக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதியிருக்கும். 'தேவைப்பட்டால்' என்று பொருள்படும் லத்தீன் வார்த்தைகளின் சுருக்கம் அது. தேவை எது என்று முடிவு செய்யும் பொறுப்பு இங்கே நம் தலையில்! அதனால் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ நாலு கேள்வி கேட்டுவிட்டே வாருங்கள். எந்த உபத்திரவம் வந்தால் சாப்பிடுவது? ஒரு வேளைக்கு எவ்வளவு? மறுபடி சாப்பிட எத்தனை மணி நேரம் விட வேண்டும்? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை?

காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் பாரசிட்டமால், ஜலதோஷத்துக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் கலந்திருக்கிறது. 'தேவைப்படுகிறது' என்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறும், கல்லீரலுக்குக் கெடுதல். டாக்டர் சொன்ன பதிலை மாத்திரை கவரின் மேலேயே தமிழில் எழுதி வைத்துவிட்டால் வீட்டில் யார் எடுத்துக் கொடுத்தாலும் தவறு வராது.

'கொஞ்சம் பார்த்துக்கோங்க'

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வானேன்? வீட்டுக்குள்ளேயே நாம் நாள் முழுக்க 'டூ தி நீட்ஃபுல்' சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில், "வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்கிறோம். அந்த அம்மாள் பூட்டைப் பார்ப்பாள். துளசி காய்ந்து போயிருக்கும். திரும்பி வந்து, 'ஒரு சொம்பு தண்ணி ஊத்தக்கூடாதா' என்று மனஸ்தாபம். "அக்கா, சாயங்காலம் துளசிக்கு ஒரு சொம்பு தண்ணி, சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சுடுங்க, பணம் இதோ" என்று சொல்லியிருந்தால் உறவு கெட்டிருக்காது.

கணவரிடமும் அப்படித்தான். 'நீங்களும் வீட்டு வேலையில கொஞ்சம் ஒத்தாசை பண்ணக்கூடாதா?' என்று பத்து வருடம் புலம்புவதைவிட, 'தினமும் குடிதண்ணீர் பிடிச்சு வைக்கறது உங்க வேலை' என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். பலன் தெரியும்.

அப்படியானால் எழுதவே கூடாதா?

எழுதலாம், அதற்கென்று இடம் இருக்கிறது. வேண்டியதை முழுக்கச் சொல்லிவிட்டு, மரியாதைக்காகக் கடைசியில் 'ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று முடிப்பதில் தவறில்லை. மாதாமாதம் ஒரே காரியத்தைச் செய்யும் இருவருக்கிடையே அது போதும். எப்படிச் சரிசெய்வது என்ற வழியை நிபுணரிடமே விட வேண்டிய சந்தர்ப்பத்திலும் சொல்லலாம். அப்போதும் கோளாறு என்ன, எப்போதிலிருந்து என்பதைச் சொல்லியாக வேண்டும். கடிதம் முழுவதும் அந்த ஒரு வரியை நம்பி நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கவரை ஒட்டுமுன் பார்க்க:

1. 'பொருள்' வரியில் காரியம் இருக்கிறதா?
2. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று தெரிகிறதா?
3. நம்பர்கள் (அட்டை எண், கணக்கு எண், முந்தைய மனுவின் தேதி) சரியா?
4. என்னென்ன நகல் இணைத்தோம் என்று எழுதியாயிற்றா?
5. பதில் வர முகவரி, போன் நம்பர் இருக்கிறதா?
6. நமக்கென்று ஒரு நகல் வைத்துக்கொண்டோமா? நேரில் கொடுத்தால் அந்த நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். தபாலானால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதி முடித்ததும், விஷயம் தெரியாத ஒருவரிடம், உங்கள் ஒன்பதாம் வகுப்பு மகளிடமே, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "அம்மா, அவங்க என்ன பண்ணணும்னு கேட்டிருக்கே?" என்று அவள் கேட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். அவளே, "இனிஷியலை மாத்தித் தரணும், அதானே?" என்று சொல்லிவிட்டால் தைரியமாகக் கவரை ஒட்டலாம்.